ஒழுகும் கேத்திலும் ஒரு வாய்மொழிப் பரீட்சையும்

பள்ளிக்கூடத்து ரீச்சர் சொல்வது பிழையாக இருக்கவே முடியாது என்று நம்பி வளர்ந்தவர்கள் பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சைக்குப் போகக்கூடாது. நான் போனேன்.

அப்போது பாரிசின் லா சப்பலில் ஒரு சேலைக் கடையில் நின்றேன். (உட்கார நாற்காலி தரமாட்டார்கள் என்பதால், உண்மையிலேயே நின்றேன்.) கடை பூட்டியதும் பக்கத்துத் தெருவில், பெரியவர்களுக்கான கல்லூரியில் மாலை வகுப்பு. நாற்பது வயதில் புத்தகப் பையோடு கல்லூரி வாசலில் நுழைந்தபோது எனக்கு வந்த பெருமையைக் கேட்காதீர்கள். இடைவேளையில் மெஷின் கோப்பியோடு, மாலி நாட்டுத் தோழி அமினத்தாவும் நானும் அரைகுறை பிரெஞ்சில் எங்கள் பிள்ளைகளைக் குறை சொல்லுவோம். அதற்காகவே நான் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. பரீட்சையில் சித்தியடைந்தால் அங்கேயே முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். தவறினால் பழையபடி சேலை மடிப்புத்தான்.

பரீட்சை அறையில் நரைத்த தலையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக ஓர் அம்மா இருந்தார். பார்த்ததுமே, ரீச்சரைக் கண்டதுபோல் எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. (ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.) நாங்கள் நடிக்க வேண்டிய காட்சியை அவர் விளக்கினார். அவர்தான் கடைக்காரி. தண்ணீர் கொதிக்கவைக்க நான் வாங்கிய கேத்தில் ஒழுகுகிறது. வேறு கேத்தில் தரும்படி நான் அவரோடு வாதாட வேண்டும்.

"கேத்திலில் ஒரு பிழையும் இல்லை. உங்களுக்குத்தான் பாவிக்கத் தெரியவில்லை" என்றார் முறைப்பாக.

"வுய், மதாம்" என்று ஆமோதித்தேன்.

ரீச்சருக்குக் குறுக்கே பேசலாமா? பிறகு அவரே மனமிரங்கி, வீடெல்லாம் தண்ணீராகியிருக்குமே என்று எடுத்துக் கொடுத்தார். துடைத்துவிட்டேன் மதாம் என்றேன். கோபமே வரவில்லையா என்று கேட்டார். அதற்குள் எனக்கு அவருடைய வியாபாரத்தைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. கடையில் நிற்பவளுக்குத்தானே கடைக்காரியின் கஷ்டம் தெரியும். படித்திருந்த மரியாதைச் சொற்களையெல்லாம் ஒன்றாகக் கோத்து, பிழை என்னுடையதுதான், இன்னொரு கேத்தில் விலைக்கே தாருங்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அழுகிறார் என்று நினைத்து மன்னிப்பும் கேட்டேன். பிறகுதான் தோள் குலுங்குவது சிரிப்பில் என்று தெரிந்தது.

வெளியே அமினத்தா, தன் பரீட்சையில் கேத்திலை மாற்றி வாங்கியதோடு கடைக்காரியை மன்னிப்பும் கேட்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பயந்தபடியே தவறிவிட்டேன்.

"என்னோடை வாய் காட்டுறதிலை அரைவாசியை அங்கை காட்டியிருந்தால் பாஸ் பண்ணியிருப்பீர்" என்றார் கணவர்.

"அவ ரீச்சரப்பா. நீங்கள் ரீச்சரோ?"

அடுத்த பரீட்சை வரை எங்கள் லா கூர்னெவ் வீட்டுச் சமையலறையில் கணவர்தான் கடைக்காரி. மூக்கு நுனியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கேத்திலில் பிழையில்லை என்று அடம்பிடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த கோபத்தையெல்லாம் நான் பிரெஞ்சில் கொட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. இரண்டாம் முறை, பரீட்சகரே போதும் என்று கையைத் தூக்கிக் கேத்திலைத் தந்துவிட்டார். சித்தி! பயிற்சிக்கும் இடம் கிடைத்தது. சனம் பார்க்கப் பார்க்க கல்லூரி வாசலிலேயே அமினத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு புதுக் கேத்தில் பரிசளித்தார்கள். சில நாட்களில் அது நிஜமாகவே ஒழுகத் தொடங்கியது. துணைக்குச் சான்றிதழையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, வீராவேசமாகக் கடைக்குப் போனேன். கவுண்டரில் நரைத்த தலையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கேத்தில்கள். மற்றதெல்லாம் பிரெஞ்சில் பேசும் மகள், விருந்தாளிகள் வந்தால் இதை மட்டும் சுத்தமான தமிழில் கேட்பாள்:

"தேத்தண்ணி எதிலை போட? ஒழுகிறதிலையோ, அம்மா மன்னிப்புக் கேட்டு வாங்கினதிலையோ?"