தலையில்லாப் பெட்டியை எழுப்புகிறவன்

எங்கள் வீட்டில் எனக்கு மரியாதை கிடைப்பது கரண்ட் போய் வரும்போது மட்டும்தான்.

மகன் வெளியூர் போகும்போது மாடி அறையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனான். சர்வராம். உள்ளே ஓடுவது லினக்ஸாம். குடும்பப் போட்டோ, என் மனைவி பார்க்கும் தொடர் எல்லாம் அதற்குள்தான். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. தலையில்லா முண்டம். கரண்ட் போய் வந்தால், "கீபோர்டைக் காணோம், ஏதாவது பட்டனைத் தட்டு" என்று உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றுவிடுமாம். காணாமல் போன கீபோர்டில் எதைத் தட்டுவது?

ஆகவே கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் மேலே போவேன். சொருகி ஒரே தட்டு. வேலை முடிந்தது. அதை வீட்டில் சொல்வேனா? கதவைச் சாத்திக்கொண்டு பழைய மெத்தையில் சாய்ந்தால் மதியம் முழுவதும் என்னுடையது. அந்தத் தூக்கத்துக்காக ராஜ்யத்தையே எழுதிக் கொடுப்பேன். ராஜ்யம் இல்லாததால் தப்பித்தேன்.

நேற்றும் கரண்ட் போய் வந்தது. மாட்டியிருந்த பையை எடுத்தேன்.

"சீக்கிரம் வந்துடுவீங்களா? பரண்ல ஒட்டடை அடிக்கணும்" என்றாள் மனைவி.

"லினக்ஸ்னா லேசா? வர்றப்ப வருவேன்."

"பாவம், போங்க."

அந்தப் 'பாவ'த்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மேலே போனதும் கண் சொக்கியது. எழுந்து பார்த்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. தட்டிவிட்டுத்தான் படுத்தேன் போலிருக்கிறது! முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். ஹாலில் அவளுடைய தொடர் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ரொம்பப் படுத்திடுச்சு. தட்டித் தட்டி விரலே தேஞ்சுபோச்சு."

"எதைத் தட்டினீங்க?"

"வேற எதை? கீபோர்டைத்தான்."

சோபா மெத்தையைத் தூக்கினாள். அடியில் கீபோர்டு சுகமாகப் படுத்திருந்தது. பையைத் திறந்தேன். காய் நறுக்கும் பலகை.

"நீங்க முடி வெட்டிக்கப் போனப்பவே பையன்கிட்ட போன்ல கேட்டு செட்டிங்கை மாத்திட்டேன். கீபோர்டு இல்லேன்னாலும் நிக்காது. கரண்ட் வந்தா தானா எழுந்துக்கும்."

"அப்ப என்னை ஏன்டி மேலே அனுப்பினே?"

"அது எழுந்துடுச்சு. நீங்க எப்ப எழுந்துக்கறீங்கன்னு பாக்கத்தான்."

ஒட்டடைக் கம்பை என் கையில் சொருகினாள். நான் உடனே பரணைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டேன், யாரும் ஒரு பட்டன்கூடத் தட்டாமல்.