ஐந்து கல்லூரி மாப்பிள்ளை

மாப்பிள்ளை ஏழு வருடத்தில் ஐந்து கல்லூரி மாறியிருந்தார். கஸ்பருக்கு அது போதும்.

"குடியோ, அடிபிடியோ, பொம்பிளைப் பிரச்சினையோ. ஏதோ ஒண்டு இருக்கு."

"புட்போல் பழக்கிற கோச்மார் அப்பிடித்தான் மாறுவினமாம்," என்றாள் மனைவி அன்ரனெற். "முதல் வந்த மூண்டு சம்பந்தத்தையும் விசாரிச்சே குழப்பினீங்கள். உங்கட தங்கச்சிக்கு முப்பத்திமூண்டு முடிஞ்சுது."

தங்கை எமில்டா தேநீரோடு வந்தாள். "அண்ணா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. போதாதோ?"

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

மாப்பிள்ளை சீமோன், அமெரிக்காவின் ஒகையோவில் ஒரு கல்லூரி புட்போல் அணியின் உதவிக் கோச். அந்த விளையாட்டின் மேலேயே கஸ்பருக்குச் சந்தேகம். "பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள். அதுக்குப் பேர் புட்போலாம். பேரிலயே பொய்."

மறுநாள் ரொறொன்ரோவை ஒட்டிய மார்க்கம் நகரில், தன் வேலைத்தலத்துத் தொலைபேசியிலிருந்து அந்தக் கல்லூரியை அழைத்தான். கலியாணம் என்றால் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஆகவே ஆங்கிலத்தில் பொதுவாகப் பேசினான்.

"ரொறொன்ரோவிலிருந்து பேசுகிறேன். சீமோனை எங்கள் பக்கம் எடுக்க யோசிக்கிறோம். ஆள் எப்படி?"

செயலாளர் பெண்ணின் குரல் தாழ்ந்தது. "எத்தனை வருடத்துக்கு?"

கஸ்பர் கத்தோலிக்கன்; மணமுறிவு கிடையாது. "சாகும்வரை."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்தது.

"பதறுறாள். என்னவோ மறைக்கிறாள்," என்றான் வீட்டுக்கு வந்து.

அடுத்த வாரம், கலியாணம் பேசிய ஜோசபீன் அன்ரி அழைத்தார். "தம்பி, சீமோனுக்குப் பதவி உயர்வாம்!"

"திடீரெண்டோ? வாயை மூடத்தான் குடுத்திருக்கிறாங்கள்."

சீமோன் முன்பு வேலை செய்த ஒரு கல்லூரியைக் கஸ்பர் அழைத்து, அதே கேள்விகளைக் கேட்டான். பத்தாம் நாள் அந்தக் கல்லூரி சீமோனை இன்னும் பெரிய பதவியில் திருப்பி எடுத்துக்கொண்டது.

"பாத்தியோ! ஆறாவது மாற்றம்!"

எமில்டா எழுந்து போனாள்.

மூன்றாம் முறை அழைத்தபோது அந்தக் கல்லூரியின் தலைமைக் கோச்சே பேசினார்.

"குடிப்பாரா?" என்று கேட்டான் கஸ்பர். "வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறாரா?"

"இல்லை ஐயா. தங்கமான மனிதர். தயவுசெய்து அவரை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்."

கஸ்பர் அன்று மாலை முழுவதும் யோசித்தான். ஒரு குறையும் அகப்படவில்லை. குறை இல்லாததே அவனை உறுத்தியது. கடைசியில் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு மனிதனை நம்பினான்.

"சரி. ஓமெண்டு சொல்லுவம். ஈஸ்டருக்குப் பிறகு வைப்பம்."

எமில்டா அழுதாள். அன்ரனெற் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஜோசபீன் அன்ரியை அழைத்து, ரிசீவரைக் கணவனிடம் கொடுத்தாள்.

கஸ்பர் சம்மதம் சொன்னான். அன்ரி மெல்லச் சொன்னார்:

"குறை நினையாதேங்கோ தம்பி. ரொறொன்ரோவில இருந்து ஏதோ ஒரு பெரிய புட்போல் ரீம் சீமோனை மூண்டுதரம் விசாரிச்சிட்டுதாம். அவையள் கூப்பிடுமட்டும் கலியாணப் பேச்சே வேண்டாமெண்டு நிக்கிறார்."