ஆஜர் அண்ணன் ஃபெயிலான பாடம்

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஆஜர் அண்ணனைப் போல மனிதர்களோடு ஒத்துப்போகாத இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர்தான் மனிதவள மேலாண்மையில் முதுகலைப் பட்டம் வாங்க இங்கிலாந்துக்குப் போனார். அந்த நாடு என்ன பாவம் செய்ததோ!

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே நான் பில் போடும் கிளார்க். அவர் கேட்டில் வருகைப் பதிவு எடுப்பவர். காலையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு "ஆஜரா?" என்று அவர் கத்துவது பக்கத்து யார்டு வரை கேட்கும். அங்கேயும் இரண்டு பேர் பயந்துபோய் "ஆஜர்" என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை.

ஒருநாள் வெளிநாட்டுப் பட்டத்தோடு இளம் ஹெச்.ஆர். அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். "உங்களுக்கு ஆளுங்களை ஹேண்டில் பண்ணத் தெரியல" என்று அண்ணனிடம் புன்னகை மாறாமல் சொன்னார். அண்ணனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவர் பி.காம். படித்தவர் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"இவன் படிச்சத நான் படிக்க முடியாதா? எழுது நைனா அப்ளிகேசன!"

எதற்காக இந்தப் படிப்பு என்று பல்கலைக்கழகம் கட்டுரை கேட்டது. அண்ணன் சொன்ன பதில் இவ்வளவுதான்: "எங்க ஆபீசுல கீறவனுக்கு ஒண்ணியும் தெரில. அதான்." அதை நான் இரண்டு பக்கத்துக்கு நாகரிகமாக இழுத்தேன். ஆங்கிலத் தேர்வில் எதிரே உட்கார்ந்த அம்மையார் வாயைத் திறப்பதற்குள், "மேடம், யூ ஆர் ஃபோர் மினிட்ஸ் லேட்" என்று இவர் ஆரம்பித்தார். எப்படியோ பாஸ்.

விமான நிலையத்தில் அவர் மனைவி கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "அங்க போயாச்சும் யார் கூடவும் சண்ட போடாம இரு."

பாதி வருடம் அப்படியே சண்டை போடாமல் இருந்தார். அப்புறம் ஒரு நடிப்புப் பரீட்சை வந்தது. அண்ணன் மேனேஜர், எதிரே ஊழியராக ஒரு போலந்துப் பெண். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, அவளுக்கு வேலை போய்விட்டதைப் பதமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் நன்றாக நடித்துத் தொலைத்தாள்; கண் கலங்கிவிட்டது. அண்ணன் பதறி எழுந்து, "அழுவாத கண்ணு, நீ நாளிக்கி வேலிக்கி வா" என்று தமிழிலேயே சொல்லி, கையோடு சம்பள உயர்வும் அறிவித்துவிட்டார். தட்டிக்கேட்ட பேராசிரியரோடு அரை மணி நேரம் சண்டை. அந்தப் பாடத்தில் ஃபெயில்.

"பொய்யிக்குக்கூட வாய் வரல நைனா" என்றார் வீடியோ காலில். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுமுறை அதையே கட்டுரையாக எழுதித் தேறி, பட்டத்தோடு திரும்பினார். இளம் அதிகாரி அதற்குள் வேறு கம்பெனிக்குத் தாவியிருந்தார். அந்த நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் வந்த உத்தரவு: சரக்குத் தூக்கும் புது ஃபோர்க்லிஃப்ட் இயந்திரங்கள் வருகின்றன, ஆறு லோடுமேன்களை அனுப்பிவிடுங்கள். முதலில் வந்தவர் தண்டையார்பேட்டை தஸ்தகீர் பாய். இருபது வருடமாக அங்கே மூட்டை தூக்குகிறவர். கோப்பைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

"உக்காரு பாய். தண்ணி குடி."

பாய் டம்ளரைப் பார்த்தார். "இன்னா நைனா, என்னிக்கும் இல்லாம தண்ணிலாம் குடுக்கற? வூட்டுக்கு அனுப்பப் போறியா?"

அண்ணன் என் கையிலிருந்த கோப்பை வாங்கி மூடி வைத்தார்.

"பாய்... ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட லைசென்ஸ் கீதா?"

"எனுக்கு ஏது?"

"மூணு மாசத்துல எடுத்துனு வா. மத்த அஞ்சு பேரயும் இட்டுனு போ. அதுவரிக்கும் மேல கீறவங்கள நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட அழகு இருக்கிறதே! வாரம் ஒரு அறிக்கை. பணித்திறன் இடைவெளி ஆய்வு, ஊழியர் ஈடுபாட்டு மதிப்பீடு, அந்த மதிப்பீட்டுக்கு ஒரு மறுமதிப்பீடு. நிர்வாகத்தில் யாருக்கும் ஒரு வரிகூடப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டே மூன்று மாதத்தை ஓட்டினார்கள். ஐந்து பேர் புது இயந்திரத்தில் ஏறிவிட்டார்கள். பார்வை மங்கிய ஒருவருக்கு மட்டும் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஸ்டோர் வேலை. அண்ணனே நேரில் போய்ச் சண்டை போட்டு வாங்கியது.

"ஆளைக் குறைக்கச் சொன்னா இப்படிப் பண்ணியிருக்கீங்களே, அதெல்லாம் அங்கே சொல்லித் தரலையா?" என்று கேட்டார் ஜெனரல் மேனேஜர்.

"சொல்லிக் குடுத்தாங்க சார். அதுல நான் ஃபெயிலு."

போன வாரம் பெங்களூர் கம்பெனி ஒன்று அவரை எடுத்துக்கொள்ள நினைத்து, ஆள் எப்படி என்று எனக்கு போன் போட்டு விசாரித்தது. "வம்பை விலைக்கு வாங்கற ஆள் சார், உங்களுக்கு ஒத்தே வராது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இல்லாத ஆபீசுக்கு நான் எப்படிப் போவது?