மாமனார் ரிட்டையர்மெண்டும் நான் திருகுன கேமராவும்

மொதல்லயே சத்தியம் பண்ணிடறேன். இதுல வர்ற ஒவ்வொரு வார்த்தையும் நெசம். ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் என் கடை கம்ப்ரசர் இன்னிக்கே புட்டுக்கட்டும். மந்தாரக்குப்பத்துல பஞ்சர் கடை வச்சிகினு இருக்கறவன் கம்ப்ரசர் மேல பொய் சத்தியம் பண்ணமாட்டான்.

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு ஃபோட்டோ எடுக்கணும். அவ்ளோதான்.

எங்க மாமனார் நெலக்கரி மைன்ஸ்ல பர்மனெண்ட். கரி ஏத்திகினு ஓடற கன்வேயர் பெல்ட்டு கேங்குக்கு அவருதான் தலை. அன்னிக்கு அவருக்கு ரிட்டையர்மெண்ட். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சதும் கேங்கு பசங்க பதினோரு பேரும் மாலை போட்டு, மேளம் அடிச்சி, வேன்ல ஏத்தி குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் கொண்டாந்து வுட்டுட்டுப் போவாங்க. பசங்கன்னு சொல்றேனே தவிர பாதிப் பேருக்குத் தல நரைச்சிப் போச்சி.

அடுத்த வாரம் குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு தின்னவேலிப் பக்கம் அவரு ஊருக்கே போறாரு. அதனால ஒரே ஒரு ஆசைதான் கேட்டாரு.

"மாப்ள, நாங்க பன்னெண்டு பேரும் ஒரே படத்துல இருக்கணும். ஒருத்தனும் விட்டுப் போவக்கூடாது. இத்தன வருசத்துல நாங்க சேந்து நின்னு ஒரு படம் கெடையாது. ஒருத்தன் ஷிஃப்ட்ல இருப்பான், ஒருத்தன் லீவுல இருப்பான். இத விட்டா அப்புறம் எங்க சேரப் போறோம்?"

"ஃபோன்லயே அடிச்சிடலாம் மாமா."

அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. "ஒங்க கல்யாணப் படமெல்லாம் எங்க மாப்ள இருக்கு?"

கல்யாணப் படம் பூரா இருந்த ஃபோன, டியூப முக்கிப் பாக்கற தண்ணித் தொட்டில நான் போட்டதுதான். ஓட்டை எங்கன்னு குனிஞ்சி பாத்தேன், சட்டைப் பையில இருந்து நழுவி உள்ள போச்சி. முட்டை முட்டையா குமிழி வந்துச்சி. டியூப்ல ஓட்டை கெடச்சிடுச்சின்னு சந்தோசம் வேற பட்டேன்.

அதனால கேமராதான்னு முடிவாச்சி. துபாய்ல இருக்கற மச்சான் புதுசா ஒண்ணு வாங்கி, ஊருக்கு வந்த ஆள் கையில குடுத்து அனுப்பிட்டான். கூடவே வாய்ஸ் மெசேஜ்.

"அத்தான், மேல ஒரு சக்கரம் இருக்கும். அதுல பச்சைக் கலர்ல ஒண்ணு போட்டிருக்கும். அதுலயே வச்சிக்கோங்க, கேமராவே எல்லாத்தையும் பாத்துக்கும். பட்டன அமுக்கறது மட்டும்தான் ஒங்க வேலை. வேற எதையும் தொடாதீங்க. அத்தான், கையெடுத்துக் கும்புடறேன், எதையும் தொடாதீங்க."

சொல்லுங்க. ஒரு மெக்கானிக்கப் பாத்து பேசற பேச்சா இது?

எட்டாவதோட நான் பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ஒரு பொருள்ல திருகு இருந்தா அத திருகிப் பாக்காம வுட்டதே இல்ல. திருகக் கூடாதுன்னா அதுக்கு எதுக்குய்யா திருகு வச்சான்?

காலைலயே வூட்டுக்குள்ள உக்காந்து ஆரம்பிச்சேன். சக்கரத்த ஒரு சுத்து சுத்தி, ஆடம்பரமா இருந்த ஒரு எழுத்துல நிறுத்தினேன். என் பொண்டாட்டி செல்விய நிக்க வச்சி ஒரு படம் அடிச்சேன்.

அவ வந்து எட்டிப் பாத்தா. "நான் எங்க?"

"நடுவுல நிக்கற பாரு."

"கரி அள்ளிக் கொட்டுனாப்புல இருக்கு, நடுவுலன்னா?"

சரி, எதையோ ஏத்தணும் போலருக்குன்னு தடவுனதுல ஒரு நம்பர் வந்துச்சி. நூறு, இருநூறு, நானூறுன்னு ஏறிகினே போவுது. பாத்த ஒடனே புரிஞ்சிடுச்சி. காத்து! ஒரு ஆள் ஏறுனா கொஞ்சம் காத்து, லோடு வண்டின்னா நெறய காத்து. இங்க பன்னெண்டு பேரு நிக்கப் போறாங்க, அதுல கோவிந்தன்னு ஒருத்தரு மட்டும் மூணு பேருக்கு சமம். நம்பர எவ்ளோ தூரம் போவுமோ அவ்ளோ தூரம் ஏத்தி வச்சேன்.

வூட்டுக்குள்ள அடிச்சிப் பாத்தா செல்வி தெரிஞ்சா! மூஞ்சில ரவை தூவுனாப்புல புள்ளி புள்ளியா இருந்தா, ஆனா தெரிஞ்சா.

"ஏங்க, தம்பி சொன்ன பச்சைலயே வையுங்களேன்."

"நீ போயி வடைய பாரு."

மத்தியானம் மூணு மணி. மேளச் சத்தம் கேட்டுச்சி. வேன் வந்து நின்னுச்சி. மாமனாரு கழுத்துல ஆள் ஒசர மாலையோட எறங்குனாரு. மேளம் கொய்யுன்னு காதுல கேக்குதுன்னு காது மெஷினக் கழட்டி சட்டைப் பையில போட்டுகினாரு. பெல்ட்டு பக்கத்துலயே நின்னு நின்னு அவருக்கு ரெண்டு காதும் பாதி போயி ரொம்ப நாளாச்சி. மெஷின் இல்லன்னா பக்கத்துல வெடி போட்டாலும் "யாரோ கூப்புடுதாவ"ன்னுதான் சொல்லுவாரு.

வாசல்ல பலா மரத்துக்கு முன்னாடி சேர் போட்டு அவர உக்கார வச்சோம். பின்னாடி பதினோரு பேரும் வரிசையா நின்னாங்க.

வேன் டிரைவர் கத்துனாரு. "சீக்கிரம்ப்பா, நாலு மணிக்கு வண்டிய கொண்டு போயி வுடணும்!"

"எல்லாரும் சிரிங்க!"ன்னு சொல்லி அமுக்குனேன்.

பாத்தா வெள்ளை. சுத்தமான வெள்ளை. மரம் இல்ல, வூடு இல்ல, மனுசன் இல்ல. வெயில்ல வந்து நின்னவங்களுக்கு நான் அவ்ளோ காத்து அடிச்சி வச்சிருந்தேன்.

கோவிந்தன் குனிஞ்சி பாத்தாரு. "என்னங்க மாப்ள, நாங்கல்லாம் சொர்க்கத்துக்குப் போனப்பறம் எடுத்த படமா?"

அவ்ளோதான். சக்கரத்த சுத்துனேன். இருந்த பட்டனையெல்லாம் அமுக்குனேன். ஒரு பட்டன்ல சின்னதா கடியாரம் படம் வந்துச்சி. நல்லதுதான, ரிட்டையரான நேரமும் படத்துலயே பதிஞ்சிடும்னு ஓகே குடுத்துட்டேன்.

மறுபடி அமுக்குனா 'கிளிக்'னு வரல. முன்னாடி ஒரு செவப்பு லைட்டு மினுக்குது. பீப்... பீப்... பீப்...ன்னு கத்துது. என்னாடா இதுன்னு பாத்துகினே இருக்கேன், திடீர்னு பீப்பீப்பீப்பீப்பீப்!

கிளிக்.

தலைய நிமுத்திப் பாத்தா, சேர்ல மாமனாரு ஒத்தையா உக்காந்து சிரிச்சிகினு இருக்காரு. பின்னாடி ஒருத்தன் இல்ல! ஒரு ஒத்தச் செருப்பு மட்டும் கெடக்கு.

அஞ்சு பேரு வேலிக்கு அந்தாண்ட. நாலு பேரு வேனுக்குப் பின்னாடி. கோவிந்தன் துளசிச் செடி மேல. காதர் பாய் மட்டும் பலா மரத்தக் கட்டிப் புடிச்சிகினு, "பெல்ட்டு ஸ்டார்ட் ஆவுதுப்பா!"ன்னு கத்தறாரு.

அப்பறந்தான் எங்களுக்கே வெளங்குச்சி. மைன்ஸ்ல பெல்ட்டு ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி செவப்பு லைட்டு மினுக்கும், ஹூட்டர்னு ஒரு சங்கு அடிக்கும். அடிச்சா பெல்ட்டு பக்கத்துல எவனும் நிக்கக்கூடாது, வெலகிடணும். அப்படி வெலகறதுக்குப் பழக்குனதே எங்க மாமனாருதான். நவுராம நின்னவன் கால்லயே ஒரு கம்பால தட்டுவாராம். யோசிக்கறதுக்கு முன்னாடி காலு ஓடிடும், இவங்களுக்கு அப்படி ஊறிப்போச்சி. டீக்கடையில எவன் ஃபோனாவது அந்த மாதிரி கத்துனாலும் கிளாஸப் போட்டுட்டுத் தாவுவாங்களாம்.

மாமனாரு திரும்பிப் பாத்தாரு. அவரு காதுக்குத்தான் எதுவும் எட்டலையே. "எங்கலே போனீய எல்லாரும்? படம் எடுக்காவல்லா!"

கோவிந்தன் முதுகுல ஒட்டுன துளசிய தட்டிகினே வந்தாரு. "எல்லாம் உங்க கம்பு பண்ண வேலை அண்ணே!"

"என்னது? வம்பா?"

"கம்பு! கம்பு!"

"வம்பெல்லாம் வேண்டாம்லே, ஒழுங்கா நில்லுங்க."

அந்தக் கடியாரந்தான் அமுக்குனதும் அடிக்காம எண்ணிகினு நிக்குது, அத எடுத்துத் தொலைக்கலாம்னு மெனுக்குள்ள போனேன். போன எடத்துல இன்னொண்ண அமுக்கி, எழுத்து பூரா பூச்சி ஊர்றாப்புல மாறிடுச்சி. சீனாக்காரன் எழுத்தா, ஜப்பான்காரன் எழுத்தா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மச்சானுக்கு அடிச்சா எடுக்கல. டூட்டில இருக்கான். பேட்டரி வேற செவப்பு காட்டுது. வேன் டிரைவர் ஹாரன் அடிக்கறாரு.

செல்வி இடுப்புல கைய வச்சிகினு நின்னா. "திருகுனீங்களா?"

"கொஞ்சம்."

"அப்பா இதுவரைக்கும் உங்ககிட்ட என்னா கேட்டிருக்காரு? ஒரு ஃபோட்டோ. ஒண்ணே ஒண்ணு. அதக்கூட குடுக்க முடியல உங்களால."

சுருக்குன்னு இருந்துச்சி. சேர்ல பாத்தா அந்த மனுசன், நான் நல்ல படமா எடுத்துடுவேன்னு நம்பி, மொதல் படத்துல ஆரம்பிச்ச சிரிப்ப இன்னும் மாத்தாம உக்காந்திருக்காரு.

மாமியாருதான் வழி சொன்னாங்க. வெளக்குத் திரிக்கு வச்சிருந்த பஞ்ச எடுத்தாந்து பதினோரு பேரு காதுலயும் அடைச்சாங்க. இப்ப சத்தம் கேக்காதுல்ல?

அமுக்குனேன். சத்தம் கேக்கல. ஆனா செவப்பு லைட்டு மினுக்குச்சி. திரும்ப பதினோரு பேரும் காத்துல பறந்தாங்க! காதர் பாய் அதே மரம். கோவிந்தன் அதே துளசி. பாவம், அது செடியாவே இல்ல இப்ப.

காதர் பாய் மூச்சு வாங்கிகினே சொன்னாரு. "இன்னாப்பா, மூளை நில்லுங்குது, காலு கேக்க மாட்டேங்குது!"

அப்பத்தான் என் தொழில் எனக்குக் கை குடுத்துச்சி. சட்டைப் பையில பஞ்சர் ஒட்டற பட்டி இருந்துச்சி. ஒரு துண்டு கிழிச்சி அந்தச் செவப்பு லைட்டு மேல ஒட்டி, கட்டை வெரலால அழுத்தித் தேச்சேன். வாழ்க்கையில மொத மொறையா காத்து எறங்காத எடத்துல பஞ்சர் போட்டேன்.

காதுல பஞ்சு. லைட்டுல பட்டி. அது போதாதுன்னு மாமனாரு வேற கைய கோத்துக் காட்டி ஒரு ஐடியா குடுத்தாரு. "எல்லாவனும் கைய கோத்துக்கிடுங்கலே. ஒருத்தன் ஓடணும்னு நெனச்சாலும் மத்தவன் புடிச்சிக்கிடணும்."

பதினோரு பேரும் கைய இறுக்கிக் கோத்துகினாங்க. ஓரத்துல கோவிந்தன்.

அமுக்குனேன்.

பீப்... பீப்...

ஒருத்தன் அசையல. செலை மாதிரி நிக்கறாங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி.

பீப்... பீப்...

அப்பப் பாத்தேன். கோவிந்தன் தோள் மேல வெள்ளையா என்னமோ கெடக்கு. பஞ்சு! காதுல இருந்து நழுவி வுழுந்து தோள்ல உக்காந்திருக்கு!

"கோவிந்தண்ணே!"ன்னு கத்துனேன். எனக்கு முன்னாடி அது கத்திடுச்சி. பீப்பீப்பீப்பீப்பீப்!

தாவுனாரு மனுசன். மூணு ஆள் எடை. கோத்த கைய எவனும் வுடல. வுடக்கூடாதுன்னுதான சொல்லியிருக்கு! சங்கிலி மாதிரி ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பதினோரு பேரும் சாஞ்சி, பறந்து, மாமனாரு சேருக்குப் பின்னாடி மூட்டை மூட்டையா வுழறாங்க. காதர் பாய் தொப்பி ஒரு பக்கம், யாரோ ஒருத்தர் பல்செட்டு ஒரு பக்கம்.

கிளிக்.

அதோட பேட்டரி செத்துச்சி. வேன் டிரைவர் ஹாரன்ல இருந்து கையவே எடுக்கல. பசங்க முட்டிய தேச்சிகினு எழுந்துட்டாங்க. நான் மெமரி கார்ட உருவி பக்கத்து வூட்டுப் பொண்ணோட லேப்டாப்புல போடறதுக்குள்ள எனக்கு வேர்த்து வடியுது.

"காட்டுங்க மாப்ள"ன்னாரு மாமனாரு. காது மெஷின மாட்டிகினாரு, பசங்க அந்த பீப் கதைய அப்பத்தான் அவரு காதுல போட்டாங்க. நான் ரெண்டடி தள்ளியே நின்னேன், செருப்ப ரெடியா போட்டுகினு.

பாத்தாரு. வெரல வச்சி எண்ண ஆரம்பிச்சாரு.

"ஒண்ணு... ரெண்டு... இது காதரு... இந்தக் காலு எவன் காலு? ஆங், சரி... பத்து... பதினொண்ணு."

"எல்லாவனும் இருக்கானுவ"ன்னாரு. "ஹூட்டர் அடிச்சா இப்படித்தான் தாவணும். ஒருத்தன் லேட்டா தாவல, பாத்தியளா? என் கேங்குல இத்தன வருசத்துல ஒருத்தனுக்கும் ஒரு வெரலு போனது கெடையாது. எதனாலன்னு எவனாவது கேட்டா, இந்தப் படத்தக் காட்டிருவேன்."

கோவிந்தன் கண்ணத் தொடச்சிகினாரு.

"அழாதலே! நீ எடது பக்கம் தாவிருக்க. வலது பக்கம்தான் தாவணும்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"ரிட்டையர் ஆயிட்டீங்கண்ணே! இன்னும் எதுக்குத் திட்டறீங்க?"

இப்ப அந்தப் படம் பெருசா பிரேம் போட்டு தின்னவேலி வூட்டு ஹால்ல தொங்குது. முன்னாடி மாலையோட ஒரு மனுசன் ராஜா மாதிரி சிரிச்சிகினு இருக்காரு, பின்னாடி ஊரே கவுந்து கெடக்கு. வர்றவங்கல்லாம் "அண்ணாச்சி, இது என்ன கலவரம்?"ன்னு கேக்கறாங்களாம்.

மச்சான் ராத்திரி வாய்ஸ் அனுப்பினான். "அத்தான், நீங்க அனுப்புன படம் எப்படி இவ்ளோ தெளிவா வந்துச்சி? பச்சைல வச்சீங்களா?"

அவசரத்துல சுத்துனதுல சக்கரம் தானா போயி அங்க நின்னுருக்கு. நான் அவன்கிட்ட சொல்லல. "அது கை ராசி மச்சான்"னு சொல்லிட்டேன்.

சரி, இவ்ளோ நேரம் ஓசில சிரிச்சீங்கல்ல? ஒழுங்கா மந்தாரக்குப்பம் வந்து என் கடையில ஒரு பஞ்சர் ஒட்டிகினு போங்க. வண்டில பஞ்சரே இல்லன்னு தப்பிக்கப் பாக்காதீங்க, ஆணி நம்ம கடையிலயே இருக்கு.