கல்லூத்துப்பட்டி ஏ.ஐ. சென்டர்

உலகத்துக்கு ஏ.ஐ. இப்போதுதான் வந்திருக்கிறது. தருமபுரி மாவட்டத்துக்கு அது வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மொரப்பூருக்குப் பக்கத்தில் கல்லூத்துப்பட்டி என்றொரு ஊர். அங்கே புளியமரத்தை ஒட்டி ஓர் ஓட்டுக் கட்டடம், அதன் வாசலில் மாட்டை நிறுத்தி வைக்க ஓர் இரும்புக் கூண்டு, மேலே வெயிலில் வெளுத்துப்போன பலகை: 'ஏ.ஐ. சென்டர்'. பசுமாட்டுக்குச் சினை ஊசி போடும் இடம் அது. செயற்கைமுறைக் கருவூட்டல் நிலையம் என்பது முழுப் பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாட்டுக்குப் பருவம் தப்பிவிடும் என்பதால் எல்லாரும் ஏ.ஐ. என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஊசி போடுகிறவர் முனிராஜ். அவர் வசம் ஒரு நைட்ரஜன் கேன் உண்டு. அதற்குள் இருக்கும் கடுங்குளிரில், நல்ல நல்ல காளைகளின் விந்து மெல்லிய குச்சிகளில் உறைந்து கிடக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையை நம்பித்தான் ஊரில் பால் இருந்தது.

நிலைமை இப்படி இருக்கையில், தருமபுரியில் 'புதுயுகத் தொழில்நுட்ப முன்னெடுப்பு ஒருங்கிணைப்புப் பிரிவு' என்று ஓர் அலுவலகம் உருவாக்கப்பட்டது. உருவான பிறகு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. அதன் அதிகாரி கலைமணி நாற்காலிக்கு உறை போட்டார், கதவுக்குப் பெயர்ப்பலகை அடித்தார், பிறகு காத்திருந்தார். ஒருநாள் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. தங்கள் மாவட்டத்தில் இயங்கிவரும் ஏ.ஐ. மையங்கள் எத்தனை?

ஒன்றுமில்லை என்று பதில் போட்டால், பிறகு பிரிவு எதற்கு என்று கேட்பார்கள். கலைமணி யோசித்தார். யோசித்துவிட்டு முனிராஜுக்குப் போன் போட்டார்.

"உங்க சென்டரு வேலை செய்யுதா?"

"தெனமும் செய்யுதுங்க சார்."

"கூலிங் வசதி?"

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரிங்க சார்."

கலைமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அமெரிக்காவில்கூட அவ்வளவு குளிர்ச்சி கிடையாது என்று அவர் எங்கோ படித்திருந்தார். சேமிப்பு எப்படி என்று கேட்டார்.

"எல்லாம் கேனுக்குள்ளதாங்க சார். ஒவ்வொண்ணுக்கும் நம்பரு இருக்கு. நம்பரப் பாத்தா பரம்பரையே சொல்லிடலாம்."

"கரண்டு எவ்வளவு இழுக்குது?"

"கரண்டே வேணாங்க சார்."

அன்று மாலையே அறிக்கை போனது. திரவக் குளிரூட்டல் வசதியுடன், மின்சாரம் ஏதுமின்றி, தருமபுரி மாவட்டத்தில் கிராமந்தோறும் ஏ.ஐ. மையங்கள் சீரும் சிறப்புமாக இயங்கி வருகின்றன என்று அதில் கண்டிருந்தது. கலைமணிக்கு மாடு தெரியாதா என்று கேட்கக் கூடாது. அவர் வீட்டிலேயே இரண்டு மாடு நின்றது. வீட்டில் தெரிந்ததை வீட்டிலேயே விட்டுவிட்டு அலுவலகம் வருவதுதான் பணி ஒழுக்கம்.

நெடுமின் எலக்ட்ரானிக்ஸ் என்றொரு கம்பெனி அப்போது பங்குச் சந்தையில் சவலைப் பிள்ளையாகக் கிடந்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய சர்க்யூட் போர்டுகளும், கம்ப்யூட்டர்களை அடுக்கும் இரும்பு ரேக்குகளும் செய்யும் கம்பெனி அது. கலைமணியின் அறிக்கை அதன் கைக்குப் போனது. ஒரு முழு மாவட்டமே தங்களிடம் சாமான் வாங்கும் வாய்ப்புப் பிரகாசமாக இருப்பதாகக் கம்பெனி அறிவித்தது. டிவியில் கழுத்துப்பட்டை கட்டிய நிபுணர்கள் தருமபுரி, தருமபுரி என்று உருகினார்கள். தருமபுரி எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களைக் கேட்க ஆளில்லை. பங்கு விலை ஏறியது.

மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் பூவரசன் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், பட்டா மாறுதல், ரயில் டிக்கெட் எல்லாம் அங்கே கிடைக்கும். இப்போது பங்குச் சந்தைக் கணக்கும் திறந்து கொடுக்கிறார். கல்லூத்துப்பட்டியில் போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் கணக்குத் திறந்தார்கள். திறக்காதவர்களுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். ஏ.ஐ. சென்டருக்குச் சாமான் செய்கிற கம்பெனி என்று பூவரசன் சொன்னதுமே ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"கம்ப்யூட்டரு, போனெல்லாம் நாளைக்கு வேற மாதிரி வந்துரும்ங்க," என்றான் மாடு வைத்திருந்த சவரி. "மாடு பருவத்துக்கு வர்றது என்னிக்காச்சும் நிக்குமா? இதுல போட்டா போகாது."

மும்பையில்கூட இவ்வளவு உறுதியான காரணத்தோடு யாரும் அந்தப் பங்கை வாங்கியிருக்க மாட்டார்கள். சவரியும் அவன் மனைவி ராஜமேரியும் கொட்டகைக்குத் தகரம் போட வைத்திருந்ததை எடுத்து நெடுமினில் போட்டார்கள். விலை இன்னும் ஏறியது. பங்குக்காரர்கள் பாஷையில், சந்தையில் காளை புகுந்துவிட்டது என்று பூவரசன் சந்தோஷமாகச் சொன்னார். ஜெர்சி இனமா, சிந்து இனமா என்று சவரி கேட்டான். எல்லா இனமும் கலந்துதான் என்று பூவரசன் சொல்லிவைத்தார்.

ஆக, இது மாடு என்று தெரியாமல் பட்டணத்தார் வாங்கினார்கள். இது கம்ப்யூட்டர் என்று தெரியாமல் கல்லூத்துப்பட்டியார் வாங்கினார்கள். இரண்டு தரப்புக்கும் லாபம் வந்தது.

சவரியிடம் இருந்தது ஒரே மாடு, செவலை. அந்த வீட்டின் அரிசி, பருப்பு, பெரியவளின் காலேஜ் பஸ் பாஸ் எல்லாம் அதன் மடியிலிருந்துதான் வந்தன. மூன்று ஈத்து ஈன்ற மாடு. கறவை குறைந்துகொண்டே வந்தது. இப்போது சினை நிற்க வேண்டும். நிற்காமல் இரண்டு மூன்று பருவம் தப்பினால் வறண்டுவிடும். வறண்ட மாட்டைத் தேடி அடிமாட்டு வியாபாரி தானாகவே வருவார்.

இதற்கிடையில் நெடுமின் கம்பெனி தன் நல்லெண்ணத்தின் அடையாளமாகக் கல்லூத்துப்பட்டி சென்டருக்கு ஒரு ரேக் அனுப்பியது. தொப்பூர்க் கணவாயில் லாரி சாய்ந்ததில் ரேக் ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. நெளிவு காற்றோட்டத்துக்கானது என்று கலைமணி குறிப்பு எழுதினார். அதை வைக்க இடம் வேண்டுமே. மாடு நிறுத்தும் கூண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தகரக் கூரை வேய்ந்து ரேக்கை நிறுத்தினார்கள். ரேக்குக்குள் ஒன்றும் இல்லை. சாணமும் தூசியும் ரேக்குக்கு ஆகாது என்பதால், கால்நடைகள் உள்ளே வரக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. நைட்ரஜன் கேனுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். முனிராஜுக்குக் 'குளிரூட்டல் மேலாளர்' என்று கழுத்தில் தொங்கும் அட்டை வந்தது. அதுவரை அவரை மாட்டூசிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார்.

செவலை ஒருநாள் சாயங்காலம் கத்த ஆரம்பித்தது. விடிந்ததும் சவரி அதை ஓட்டிக்கொண்டு வந்தான். கலைமணி அன்று ரேக்கைப் பார்வையிட வந்திருந்தார்.

"மாடு பருவத்துக்கு வந்துருக்குதுங்க சார். இன்னிக்கு உட்டா தப்பிப்போயிடும்."

"உங்க தேவையப் பதிவு பண்ணிக்கறோம். லோடு எவ்வளவு?"

"முந்நூறு கிலோவுக்கு மேல இருக்கும்ங்க."

"அவுட்புட்?"

"காலைல ஆறு லிட்டரு, சாய்ந்தரம் நாலுங்க."

"இதுக்கு முன்னால ஏ.ஐ. பயன்படுத்தின அனுபவம் உண்டா?"

"மூணு தடவைங்க. ரெண்டு கெடேரி, ஒரு காளங்கன்னு."

கலைமணி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். முறை வரும்போது தகவல் வரும் என்றார். சவரி கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தான். முனிராஜ் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். செவலை கத்திக்கொண்டே வீட்டுக்குத் திரும்பியது. அடுத்த பருவத்துக்கும் இதுவே நடந்தது. இந்தத் தடவை அவனுக்கு டோக்கன் கொடுத்தார்கள்.

சவரிக்குப் பொறுக்கவில்லை. பெங்களூரிலிருந்து முதலீட்டாளர்கள் சென்டரைப் பார்க்க வரப்போவதாகக் கேள்விப்பட்டதும், இங்கே ஊசியே போடுவதில்லை என்ற விஷயத்தை அவர்கள் முகத்துக்கு நேராகவே போட்டு உடைப்பேன் என்று கிளம்பினான். வாசல் தாண்டவில்லை, ராஜமேரி மறித்துக்கொண்டாள். அதற்குள் தெருவே கூடிவிட்டது. உன் ஒரு மாட்டுக்காக ஊர்ப் பணம் அத்தனையும் முழுகணுமா என்று கேட்டார்கள். அவர்கள் கொட்டகையிலும் மாடுகள் கத்திக்கொண்டுதான் இருந்தன. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"வெல இன்னும் ஏறும்ங்கறாங்க," என்றாள் ராஜமேரி. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நாம இன்னும் விக்கல."

முதலீட்டாளர்கள் வந்தார்கள். கலைமணி முத்திரையை உடைத்து, கேனின் மூடியைத் திறந்து காட்டினார். வெள்ளைப் புகை கொஞ்சமாக வந்தது. வந்தவர்களில் மூத்தவர், குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் பயபக்தியோடு பார்த்தார். அவருக்குத் தமிழும் கன்னடமும் கலந்து வந்தது. டோக்கனோடு சவரி ஓட்டிவந்து வெளியே கட்டியிருந்த செவலை ஓங்கிக் கத்தியது. அது ஏன் கத்துகிறது என்று கேட்டார். பூர்த்தி செய்யப்படாத தேவை என்றார் கலைமணி. தேவை இவ்வளவு பலமாகவா இருக்கிறது என்று அவர் ஆச்சரியப்பட்டார். பிறகு சவரியின் தோளில் கை போட்டு, ஏ.ஐ. உங்களுக்கு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று கேட்டார்.

சவரி ஊர்க்காரர்களைப் பார்த்தான். ராஜமேரியைப் பார்த்தான். செவலையைப் பார்க்கவில்லை.

"எல்லாத்துக்கும்ங்க," என்றான்.

அன்று நெடுமின் பங்கு அதற்கு மேல் ஏற இடமில்லாமல் நின்றது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள்.

பிறகு ஒருநாள் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி, இனி இத்தனை டேட்டா சென்டர் வேண்டுமா என்று யோசிப்பதாகச் சொன்னது. யோசித்ததோ இல்லையோ, நெடுமின் சரிந்தது. கலைமணி தான் வாங்கி வைத்திருந்த பங்குகளை முந்தின வாரமே விற்றுவிட்டு, பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போயிருந்தார். பிரிவைப் பூட்டி நாற்காலி உறைகளைக் கொண்டுபோனார்கள். முனிராஜ் அட்டையைக் கழற்றிவிட்டு, உள்ளே விட்ட சட்டையை வெளியே எடுத்துக்கொண்டு, கேனைத் திறந்தார். புகை வரவில்லை. நைட்ரஜன் நிரப்ப அனுமதி கேட்ட கோப்பு தருமபுரியிலேயே தங்கிவிட்டதால், கேனில் இருந்தது சொட்டுக்கூட மிச்சமில்லாமல் ஆவியாகியிருந்தது. உள்ளே இருந்த அத்தனை காளையும் வீண். சந்தையில் காளை செத்துவிட்டது என்று பூவரசன் சொன்னதும் அதே வாரம்தான்.

ஊரில் ஒரு மாடும் சினையில்லை. டீக்கடையில் பாலில்லாத வரடீதான் போட்டார்கள். ஏ.ஐ. வந்த காலத்திலேயே இணை சேர்க்கும் பொலிகாளை வளர்ப்பதை எல்லாரும் விட்டிருந்தார்கள். அடுத்த ஊரில் மாது என்பவரிடம் மட்டும் ஒரு காளை இருப்பதாகத் தெரியவந்தது. சவரிக்கு உயிர் வந்தது. அடிமாட்டு வியாபாரி அவன் வீட்டுப் பக்கம் இரண்டு தடவை வந்துபோயிருந்தார். ஆனால் காளையைத் தனியாகப் பிடிக்க யாரிடமும் பணமில்லை. பூவரசன்தான் வழி சொன்னார். காளையைப் பங்கு பங்காகப் பிரித்து விற்கலாம், மாதுவுக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடலாம், பங்கு வைத்திருப்பவர் மாட்டுக்கு முறைப்படி இணை சேர்க்கலாம், வேண்டாதவர் விலை ஏறியதும் விற்றுக்கொள்ளலாம். சரிந்து கிடந்த நெடுமினை வந்த விலைக்கு விற்று, ஊரே காளைப் பங்கு வாங்கியது. பூவரசன் காளையின் முகத்தைப் படம் எடுத்துப் போனில் அனுப்பினார். கொம்பு கம்பீரமாக இருந்தது. மறுநாளே பங்கு ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது.

மாடு பிடிக்கப் போனால் எங்கள் பக்கத்தில் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். இது மாடு அல்லவே, பங்கு. போனில் விலையைத்தான் பார்த்தார்கள்.

காளை வந்து இறங்கியது. ஊரே புளியமரத்தடியில் கூடியிருந்தது. செவலைக்கு அன்று பருவம், முதல் முறையும் சவரிக்குத்தான். அவன் கயிற்றைப் பிடித்துச் செவலையைக் கொண்டுபோய் நிறுத்தினான். இதுவும் தப்பினால் மாடு லாரியேறிவிடும் என்று அவனுக்குத் தெரியும். காளை செவலையை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, கீழே கிடந்த வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது. சவரி காத்திருந்தான். அது வைக்கோலைத் தின்று முடித்துவிட்டு அசைபோட்டது. அப்போதுதான் சவரி குனிந்து அதன் பின்னங்கால்களுக்கு நடுவே பார்த்தான்.

மாது ஏமாற்றவில்லை. ஏரில் பூட்டுகிற மாட்டையும் அவர் ஊரில் காளை என்றுதான் சொல்வார்கள்.

"யோவ், இது காயடிச்ச மாடுய்யா," என்று சவரி கத்தினான்.

கூட்டம் அசையவில்லை. எல்லாரும் குனிந்துதான் இருந்தார்கள், போனைப் பார்த்து. ராஜமேரி ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "நாம இன்னும் விக்கல."