ஆட்டின் ரெண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

எனக்கு மனிதர்களின் முகத்தைப் பார்த்தே மனசில் இருப்பதைப் படிக்கத் தெரியும் என்று சுமார் எட்டு மாதம் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதத்தில் செகண்ட் ஹேண்ட் போன் விற்றவர் என்னை ஏமாற்றினார், பிரியாணிக் கடைக்காரர் இரண்டு தடவை ஏமாற்றினார், ஒரு நாள் காலையில் வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போய் அவர்கள் கேட்டில் செக்யூரிட்டியால் இறக்கிவிடப்பட்டேன். (அந்த டிரைவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏறினேன்.) இதனாலெல்லாம் என் நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் போனில் பார்த்த போக்கர் வீடியோக்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட யாரோ ஒருவர், எதிரில் இருப்பவர் எச்சிலை விழுங்குவதைப் பார்த்தே கையில் என்ன சீட்டு என்று சொல்லிவிடுவார். அவரை மனசில் குருவாக ஏற்றுக்கொண்டேன். அவருக்குத் தெரியாது, பாவம்.

அப்போது வல்லம் வடகாலில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்தோம். நாலு பேருக்கும் பக்கத்தில் இருந்த வண்டி செய்யும் கம்பெனியில் ஒரே லைனில் வேலை. நான் கதவு பொருத்துகிற இடம். கீழ் வீட்டில் இருந்த ஓனர், காசு வைத்துச் சீட்டு ஆடினால் சாமான்களை ரோட்டில் வைத்துவிடுவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் நாங்கள் காசு வைப்பதில்லை. புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். ஒரு கொட்டை என்றால் ஒரு நாள் பாத்திரம் கழுவுவது. ஐந்து கொட்டை என்றால் பாத்ரூம். கொட்டை தீர்ந்துபோனவன் விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைக்கலாம். எங்களில் பாதிப்பேருக்கு ஒரு ஞாயிறு லீவு, மீதிப்பேருக்கு அடுத்த ஞாயிறு. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒருவன் லீவை இன்னொருவனுக்கு மாற்ற சூப்பர்வைசர் விடுவார். தோற்றவனுக்குப் பதில் லீவு கிடையாது. காசு இல்லைதான். ஆனால் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையைவிடப் பெரிய பந்தயம் வேறு கிடையாது.

அது ஒரு வியாழக்கிழமை. முதல் ஷிஃப்ட் முடித்து வந்து குளித்துவிட்டு, நாலு மணிக்குக் கரண்ட் போனதால் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த ஞாயிறு எனக்கு லீவு. லீவு மட்டுமில்லை, காலை பத்து மணிக்கு வாலாஜாபாத்தில் பெண் பார்க்கப் போகவேண்டும். அப்பா உத்திரமேரூர் பக்கத்து ஊரிலிருந்து தினம் இரண்டு தடவை போன் செய்து நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். ரூமில் இதை யாருக்கும் நான் சொல்லவில்லை. எங்களில் மூத்தவன் பிரகாஷ் பெண் பார்த்துவிட்டு வந்தபோது நாங்கள் அவனைப் படுத்திய பாட்டில் முன்னணியில் நின்றவன் நான். அதெல்லாம் எனக்குத் திரும்பி வருவதை நான் விரும்பவில்லை.

நான்காவது ஆள் டவுனுக்குப் போயிருந்தான். ஆட உட்கார்ந்தது மூன்று பேர். நான், பிரகாஷ், ஜெபசிங். ஜெபசிங் நாசரேத் பக்கம். இருபத்து நாலு வயசுதான், ஆனால் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. குழந்தையும் அதன் அம்மாவும் ஊரில். பேச்சு குறைவு. அவனுக்குச் சீட்டில் பெரிய ஆசை கிடையாது. நாங்கள் கூப்பிடுகிறோமே என்று ஆடுவான். நல்ல சீட்டு வந்தால் இரண்டு கொட்டை வைப்பான். வராவிட்டால் மடித்து வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவான்.

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் மூடியிருக்கும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. அந்தக் கடைசிச் சீட்டுக்கு ரிவர் என்று பெயர். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பந்தயம் ஏற்றலாம். எதிராளி ஏற்றினால், அதே அளவு நாமும் வைத்து அவன் சீட்டைப் பார்க்கவேண்டும். இல்லையென்றால் மடித்துவிட்டு எழுந்து போகவேண்டும். விளையாட்டு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்: எதிரில் இருக்கிறவன் உண்மையாகவே பெரிய சீட்டு வைத்திருக்கிறானா, சும்மா பயம் காட்டுகிறானா.

எனக்கு வந்தது ஏஸும் ராஜாவும். நடுவில் ராஜா திறந்தது. கூடவே சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ரகத்தில் ஏழு, நாலு. எனக்கு ராஜா ஜோடி. மூன்று கொட்டை வைத்தேன். பிரகாஷ் மடித்துவிட்டான். ஜெபசிங் பேசாமல் மூன்று வைத்தான். அடுத்து ஒரு ஏஸ் திறந்தது. இப்போது எனக்கு இரண்டு ஜோடி. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். (காது சிவந்துவிட்டது என்று பிரகாஷ் பிற்பாடு சொன்னான்.) ஐந்து வைத்தேன். ஜெபசிங்கும் ஐந்து வைத்தான்.

ரிவரில் ஆட்டின் ரெண்டு வந்தது. சின்னச் சீட்டு, யாருக்கும் உதவாது என்று நினைத்தேன்.

ஜெபசிங் தன் முன்னாலிருந்த அத்தனை கொட்டைகளையும் நடுவில் தள்ளினான்.

அவனுடைய கை நடுங்கியது. இரண்டு கொட்டை உருண்டு பாய்க்கு வெளியே போனது. அவன் அதைப் பொறுக்கி வைத்தபோதும் நடுங்கியது. என்னிடம் அவ்வளவு கொட்டை இல்லை. பிரகாஷ் எண்ணிப் பார்த்துவிட்டு, இதைப் பார்க்கவேண்டுமென்றால் நான் இருப்பதையெல்லாம் வைத்து, கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வைக்கவேண்டும் என்றான். எந்த ஞாயிறு என்று கேட்டேன். ஜெபசிங் தலை நிமிராமல், “வார ஞாயிறுண்ணே” என்றான்.

அங்கேதான் நான் மடித்திருக்கவேண்டும். புத்தியுள்ள யாரும் மடித்திருப்பார்கள். நடுவில் ஏழு, நாலு, ரெண்டு என்று மூன்று ஆட்டின் கண்ணெதிரே கிடந்தது. அவன் கையில் இரண்டு ஆட்டின் இருந்தால் ஒரே ரகத்தில் ஐந்து சேர்ந்துவிடும். என் இரண்டு ஜோடி அதன் முன் ஒன்றுமே இல்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் நான் சீட்டைப் பார்க்கவில்லையே. முகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

படித்த பாடம் இது. கை நடுங்குகிறது, பொய் சொல்கிறவனுக்குத்தான் நடுங்கும். தண்ணீர் பாட்டிலை எடுத்து மூன்று தடவை குடித்துவிட்டான். தொண்டை வறண்டிருக்கிறது, பயம். என்னைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்க்கிறான். கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. குரு சொன்ன மூன்று அறிகுறியும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில். கண்ணாடிக்காரர் மட்டும் எங்கள் பாயில் உட்கார்ந்திருந்தால் என் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

இன்னொரு பக்கம் அப்பாவின் குரல். ஞாயித்துக்கிழமைடா, பத்து மணிடா. மடித்துவிடலாம் என்று சீட்டைக் கீழே இறக்கினேன். அப்போது ஜெபசிங் பெருமூச்சு விட்டான். பார்த்தாயா, நான் மடிக்கப்போகிறேன் என்றதும் நிம்மதியாகிவிட்டான், அப்படியானால் பொய்தான் என்று மறுபடியும் சீட்டைத் தூக்கினேன். உடனே அவன் மறுபடி தண்ணீர் குடித்தான். இப்படி நான் இறக்குவதும் தூக்குவதுமாக எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. பிரகாஷ் அதற்குள் ஸ்டவ்வில் டீ போட்டு, வடிகட்டி, தன் பங்கைக் குடித்தும் முடித்திருந்தான்.

“இன்னாபா, லைன் நின்னுட்ச்சா?” என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. இத்தனை மாதமாக முகம் படிப்பதைப் பற்றி இவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். இப்போது மடித்தால் நாளைக்கு என்னை யார் மதிப்பார்கள்? கேன்டீன் டோக்கன் ஒன்றின் பின்பக்கம் ‘ஞாயிறு’ என்று எழுதினேன். ராணுவத் தளபதி உத்தரவில் கையெழுத்துப் போடுவது போல ஒரு கோடும் இழுத்தேன். நடுவில் வைத்தேன்.

“காட்டு,” என்றேன்.

ராணியும் பத்தும். இரண்டும் ஆட்டின்.

நான் என் இரண்டு சீட்டையும் எடுத்து மறுபடி பார்த்தேன், இடைப்பட்ட நேரத்தில் ஏதாவது மாறியிருக்குமோ என்று. மாறவில்லை.

ஜெபசிங் வெற்றி பெற்றவன் மாதிரியே இல்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். (அதையும் தப்பாகத்தான் படித்தேன்.)

“கோச்சுக்காதீங்கண்ணே,” என்றான். “ஞாயித்துக்கெழம எம் புள்ளைக்கு ஞானஸ்நானம். லீவு கேட்டேன், தரமாட்டேன்னுட்டாவ. அப்பன் இல்லாம எப்பிடிண்ணே நடத்துவாவ.”

நடுங்கியது பயத்தினால் இல்லை. அந்தச் சீட்டு வந்ததும் அவனுக்கு ஊர் போக வழி பிறந்துவிட்டது, அதனால் நடுங்கியிருக்கிறான். காலண்டரில் பார்த்தது அந்தத் தேதியை. பெருமூச்சு விட்டது, நான் மடித்தால் ஞாயிறு கிடைக்காதே என்று.

கேட்டிருந்தால் சும்மாவே தந்திருப்பேனே என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அது பொய். கேட்டிருந்தால் எனக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அவனும் சரிண்ணே என்று துணி காயப்போடப் போயிருப்பான். அதை நினைத்தபோது, பெண் பார்க்கும் விஷயத்தை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிற ஆள் அவன். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். சனிக்கிழமை மத்தியானம் ஒரு பொம்மையும் புது ஃபிராக்கும் வாங்கிக்கொண்டு அவன் பஸ் ஏறினான்.

இனி அப்பா. லைன் பழுதாகி நின்றுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நான் வந்தே தீரவேண்டும் என்று கம்பெனி சொல்கிறது என்று போனில் அளந்தேன். தேதியை மாற்றுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அவங்க வூட்ல பலகாரத்துக்கு மாவு அரைச்சி வச்சிக்கினு இருப்பாங்கடா. இப்ப போயி வரலன்னா நல்லாவா கீது? நீ வேலையப் பாரு. நாங்க போயிட்டு வர்றோம்,” என்றார். வைத்துவிட்டார்.

ஆகவே மாப்பிள்ளை இல்லாமல் பெண் பார்க்கும் நிகழ்ச்சி வாலாஜாபாத்தில் குறித்த நேரத்தில் நடந்தது. அங்கே நடந்ததெல்லாம் நான் பிறகு கேள்விப்பட்டது. கூடத்து நடுவில் மாப்பிள்ளைக்கு என்று ஒரு நாற்காலி போட்டு, மேலே டர்க்கி டவல் விரித்திருந்தார்களாம். காலியாகக் கிடந்தால் நன்றாக இருக்காது என்று பெண்ணின் மாமா எங்கப்பாவை அதில் உட்காரவைத்துவிட்டார். பெண் காபித் தட்டோடு வந்து நேராக அந்த நாற்காலியின் முன் நின்றாள். மாமா போட்டோ எடுத்தார். சாதாரணமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத எங்கப்பா, கூச்சத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் வாய் ஓயாமல் பேசியிருக்கிறார். நான் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு வண்டிகூட வெளியே வராது என்று சொல்லியிருக்கிறார். கேசரியை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, இவ்வளவு நல்ல கேசரியை எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை என்று என் அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அன்று மத்தியானம் டீ பிரேக்கில் எனக்கு ஒரு போன் வந்தது.

“வாலாஜாபாத் கலைவாணி பேசறேன். உங்க லைன் சரியாயிட்ச்சா?”

இன்னும் இல்லை, ராத்திரி ஆகிவிடும் என்று கவலையான குரலில் சொன்னேன்.

“நான் எங்க வேலை செய்யறேன்னு உங்களுக்கு சொன்னாங்களா?”

சொன்னார்கள். எனக்குக் காதில் விழவில்லை. எங்கள் கம்பெனிக்குக் கதவுக் கைப்பிடி செய்து அனுப்புகிற கம்பெனியில் அவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் தினமும் பொருத்துகிற கைப்பிடி, அவள் பார்த்துச் சரி என்று அனுப்பிய கைப்பிடி. எங்கள் லைன் நின்றால் அவர்களுக்குத்தான் முதலில் போன் போகும். அன்று அங்கே டியூட்டியில் இருந்த தோழியிடம் அவள் விசாரித்துவிட்டாள். காலையிலிருந்து மூன்று லோடு கைப்பிடி எங்கள் கம்பெனிக்குள் போயிருக்கிறது.

முகம் தெரியாத இடத்தில் எதைப் படிப்பது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீட்டு, புளியங்கொட்டை, ஞானஸ்நானம்.

“அவரு இதுக்கு முன்னாடி எத்தினி தடவ இப்டி எல்லாத்தையும் தள்ளியிருக்காரு?” என்று கேட்டாள்.

“ஒரு தடவகூட இல்ல.”

“அப்பறம் எப்டிங்க பொய்யின்னு நெனச்சீங்க?”

எட்டு மாத வீடியோவில் இதற்குப் பதில் இல்லை. பிறகு அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள். ஷிஃப்ட் முடிந்ததும் ஜெபசிங்குக்குப் போன் செய்தேன். வெள்ளை ஃபிராக்கில் அழுதுகொண்டிருந்த குழந்தையின் போட்டோ வந்தது. பெயர் ஜாய்ஸ். அப்படியே அவளுக்கு அனுப்பிவைத்தேன். ‘அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க டியூட்டி. அதுக்கடுத்த ஞாயிறு வாங்க. சீட்டு தொடாதீங்க’ என்று பதில் வந்தது. என் ஷிஃப்ட்டைக்கூட விசாரித்து வைத்திருந்தாள்.

போனேன். கல்யாணமும் ஆனது. ஜெபசிங் குடும்பத்தோடு வந்து மேடையில் நின்றபோது விஷயம் முழுவதும் தெரிந்து, மறுபடியும் முகத்தை மூடிக்கொண்டான். இந்தத் தடவை தப்பாகப் படிக்காமல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சம்மதம் சொல்லிவிட்டதாகவும், சொன்னது மாமனாரைப் பார்த்துத்தான் என்றும் கலைவாணி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள். எங்கப்பா காபித் தட்டின் முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் அந்த போட்டோவைப் பெரிதாக்கி, வாலாஜாபாத் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். என் மகள் அதைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்க்க அப்பா ஏன் வரவில்லை என்று கேட்பாள். அப்பா டியூட்டியில் இருந்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள் கலைவாணி. அவ்வளவில் அவளுக்கு இரக்கம் உண்டு.

அவள் மாமாவுக்கு அது கிடையாது. அந்த வீட்டில் பந்திக்கு உட்காரும்போதெல்லாம் அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, “மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வைம்மா” என்பார். நான் தட்டை நகர்த்துவேன். தோசை என்னைத் தாண்டிப்போய் எங்கப்பா தட்டில் விழும். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்பா வேண்டாம் என்று சொன்னதில்லை.