தாடிச்சிக்குத் தனிவீடு

என் வீட்டில் இனி என் சொல்தான் எடுபட வேண்டும் என்று நான் முடிவெடுத்ததும், நாட்டில் சமாதானம் முறிந்ததும் ஒரே கிழமையில் நடந்தவை. நாட்டுக்கு என்ன வந்ததென்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு வந்ததைச் சொல்கிறேன்.

சுனாமி வீடு கட்ட வந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினியருக்கு நான் சாரதி. திருகோணமலையில் திரும்பவும் வெடிக்கத் தொடங்க, மனிசனை உடனே தன் நாட்டுக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். போகிற அவசரத்தில் அவர் ஆசையாக வளர்த்த இரண்டு ஓணானையும் என் கையில் தந்தார். எங்கள் வேலி ஓணான் இல்லை. முழங்கை நீளம். கழுத்தைச் சுற்றி முள்ளுத் தாடி. கோபம் வந்தால் தாடி கறுக்கும். ஆணுக்குத் தாடியர் என்றும் பெண்ணுக்குத் தாடிச்சி என்றும் நானே பெயர் வைத்தேன்.

இரண்டும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. "ஒருநாளும் ஒன்றாக விடாதே" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். நானும் இரண்டு தரம் தலையாட்டினேன். தலையாட்டத் தெரியாதவன் சாரதி வேலைக்கு லாயக்கில்லை.

வரும் வழியில், உட்துறைமுகச் சோதனைச் சாவடியில் நின்ற ஆமிப் பெடியன் ஒரு பெட்டியைத் திறந்தான். தாடியைக் கண்டான். பெட்டியைக் கீழே போட்டான். தாடியர் தப்பினார். பெட்டி தப்பவில்லை.

வீட்டில் என் மனைவி இராசமலர் இரண்டும் ஒன்றாய்க் கிடந்த மிச்சப் பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசன் என்ன சொல்லிவிட்டவர்?"

"ஒண்டும் சொல்லேல்ல."

"ஒண்டும் சொல்லாதவர் ஏன் ரெண்டு பெட்டி வைச்சிருந்தவர்?"

"அது வெள்ளைக்காரன் வழக்கம். புருசனுக்கு ஒரு அறை, பெண்சாதிக்கு ஒரு அறை. நாங்கள் அப்பிடியே?"

"அலுமாரியின்ர கீழ்த்தட்டை ஒதுக்கித் தாறன். தாடியரை அதில விடுங்கோ."

"மலர், சோடியைப் பிரிக்கிறது பாவம். ஒண்டாய் இருந்தால்தான் குஞ்சு பொரிக்கும். இந்த வீட்டில இது என்ர முடிவு."

பின்வீட்டுப் பாக்கியரத்தினம் அக்காவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்றவர். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேலியில போன ஓணானை மடியில விட்டதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன். பிளேனில வந்த ஓணானை விடுறதை இப்பதான் பாக்கிறன்" என்றார்.

முதல் நாளே தாடியர் கறுத்தார். தலையை மேலும் கீழும் ஆட்டினார். தாடிச்சி ஒரு கையைத் தூக்கி மெல்ல அசைத்தாள்.

"பார்த்தீரே, கை காட்டுறாள்! என்ன பாசம்!"

"பாசமோ? கடியாதேங்கோ எண்டு கெஞ்சுறாளப்பா."

மற்ற நாள் தாடியர் அவள் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

"கட்டிப்பிடிச்சுப் படுக்கினம், பாரும்."

"சூடு காய இருக்கிறது ஒரு பல்ப். மேல ஏறிப் படுத்துச் சூடு முழுக்க அவர் எடுக்கிறார். நீங்கள் போர்வையை இழுக்கிற மாதிரித்தான்."

அந்தக் கிழமை எனக்கு வேலை மாறியது. ஈச்சிலம்பற்றில் அகதியாகி வந்திருந்த சனத்துக்குத் தண்ணீர் பவுசர் லொறி ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைதான் வீடு. முதல் வெள்ளி வந்து பார்த்தேன். தாடிச்சி மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள். வால் நுனி இல்லை. ஒரு கால்விரலும் இல்லை. அப்போதே பிரித்திருக்க வேண்டும். ஆனால் முடிவு என்று ஒன்றைச் சொல்லிவிட்டேனே.

"புருசன் பெண்சாதி எண்டால் சண்டை வரும்தானே மலர். எங்களுக்குள்ள வாறேல்லையே? நாங்கள் என்ன பிரிஞ்சோ போனம்?"

"பிரிஞ்சு போக எனக்கு வேற பெட்டி இருந்ததே?" என்றுவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனாள்.

அடுத்த வெள்ளி பெட்டியில் தாடியர் மட்டும் இருந்தார். ஒரு பக்கத்தில் மணல் மேடு.

"எங்க மற்றவள்?"

"மணலுக்குள்ள."

"ஏன்?"

"முட்டை இடுறவள் மணலைத்தானே தோண்டுவாள்? நீங்கள் கிட்டப் போகாதேங்கோ. சுருட்டுப் புகை ஆகாது. ரேடியோச் சத்தம் ஆகாது. கத்திக் கதைக்கிறதும் ஆகாது."

"சாப்பாடு?"

"அதை நான் பாக்கிறன்."

சுருட்டை விட்டேன். ரேடியோவை மூடினேன். எங்கே செல் குண்டு விழுந்ததென்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலத்தில், நான் ஒருவன்தான் ஓணானுக்காகச் செய்தி கேளாமல் இருந்தவன். வீட்டுக்குள் கால்விரலில் நடந்தேன். ஒவ்வொரு வெள்ளியும் மணலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மெல்லிய குரலில் கதைத்தேன்.

"பிள்ளை, உன்ர விரல் போனது என்னாலதான். மனசில வைச்சிராதை."

ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். குசினி வாசலில் இராசமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர். என் மனிசிக்கு எவ்வளவு இளகின மனசு என்று நினைத்தேன்.

வாரங்கள் மாதங்களாயின. அங்கே ஈச்சிலம்பற்றில் ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பம். காலையில் ஒரு துண்டு நிழலுக்குச் சண்டை தொடங்கும். அண்ணன் தம்பியாக வந்தவர்கள் முகம் பாராமல் இருந்தார்கள். கெட்ட சனம் இல்லை. இடம்தான் இல்லை. பவுசரில் சாய்ந்துகொண்டு அதைப் பார்க்கப் பார்க்க, எனக்குப் பெட்டி நினைவுதான் வந்தது.

அந்த வெள்ளி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்த கோப்பைகளை எடுத்து வைத்தேன். தாடியரைத் தூக்கி அதற்குள் விட்டேன். பிறகு, விரலால் பூவைத் தொடுகிறவன் மாதிரி மணலைக் கிளறினேன்.

மணல். கிளறினேன். அதற்கும் கீழே மணல். கண்ணாடி தட்டுப்பட்டது.

"மலர்! அவள் இல்லை! செத்துப்போனாள்! நான்தான் சாகடிச்சுப்போட்டன்!"

வாய்விட்டு அழுதேன். இராசமலர் ஓடி வந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"அழாதேங்கோ. அவள் சாகேல்ல. பாக்கியமக்கா வீட்ட நிக்கிறாள்."

"எப்ப தொடக்கம்?"

"விரல் போனதைக் கண்டிட்டு நீங்கள் திரும்ப வேலைக்குப் போன அண்டையில இருந்து."

"மணலுக்குள்ள எண்டு எனக்குப் பொய் சொன்னீரே!"

"பொய்யோ? மணலுக்குள்ளதான் நிண்டவள். எந்த வீட்டு மணல் எண்டு நீங்கள் கேட்டனீங்களே?"

பின்வீட்டுக்கு ஓடினேன். தேயிலைப் பெட்டிக்குள் பல்புக்குக் கீழே தாடிச்சி கொழுகொழுவென்று படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் பின்னுக்குப் போனாள். அது எனக்கு வேண்டியதுதான். பக்கத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் பேசின்கள். ஒவ்வொன்றிலும் பெருவிரல் அளவில் ஒரு குஞ்சு. எல்லாம் தாடியரின் வாரிசு. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அக்கா, எனக்கொரு சோடி தாங்கோ" என்றேன்.

"சோடியாத் தர ஏலாது தம்பி. இதுகளும் ஒண்டின்ர விரலை ஒண்டு கடிக்குதுகள். ஒவ்வொண்டுக்கும் தனிப்பெட்டி வேணும். எனக்குப் பேசினும் முடிஞ்சுது."

"அவ்வளவு பெட்டிக்கு எங்க போறது?"

அக்கா என் மனைவியைப் பார்த்தார். அவள் வேலிப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே பலகையும் வலைக்கம்பியும் ஆணியும் சுத்தியலும் தயாராக இருந்தன.

சுருட்டும் இல்லாமல் ரேடியோவும் இல்லாமல் இன்றைக்கும் பெட்டி அடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று அக்கா தருவதாகச் சொன்ன ஒரு குஞ்சு, கடைசிப் பெட்டியை அடித்து முடித்த பிறகுதானாம்.